ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட்டை அப்படியே மாட்டலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மர்ஃபி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கதவைத் தட்டினார். பெங்களூரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனேக்கல் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் வாங்கி ராகி போட ஆரம்பித்திருக்கிறார்.

“தம்பி, ரோட்டவேட்டர் வந்து இறங்கிருச்சு. பி.டி.ஓ. ஷாஃப்ட்டும் கூடவே குடுத்துட்டாங்க. டிராக்டர்ல மாட்டி ஓட்ட வேண்டியதுதானே?”

“ஒரு வேலை பாக்கி இருக்குண்ணா. அளக்கணும்” என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரும் புதிது, அதைச் சுழற்றும் ஷாஃப்ட்டும் புதிது, இரண்டும் ஒரே கடையில் வாங்கியது. இதில் அளக்க என்ன இருக்கிறது? பீன்யாவில் நான் வேலை செய்யும் கடைசல் பட்டறைக்கு இந்த ஷாஃப்ட்டின் பாகங்கள் வந்து போகும். எங்கள் குடும்பத்துக்கும் ஓசூர் தாண்டி கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்பதால், அவரிடம் அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டிராக்டர் ஓட்டத் தெரிந்தும் பின்னால் சுற்றும் தண்டைப் பற்றி யாரும் சொல்லித் தராதவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஒன்பது கொத்துக் கலப்பைக்கு ஷாஃப்ட் வேண்டாம். டிராக்டர் இழுத்தால் போதும், மண் கிளறப்படும். ரோட்டவேட்டர், களத்தில் ராகி அடிக்கும் மெஷின், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், புல் வெட்டும் ஸ்லாஷர் எல்லாம் வேறு வகை. இழுத்தால் மட்டும் இவை வேலை செய்யாது, உள்ளே ஏதோ ஒன்று சுழல வேண்டும். அந்தச் சுழற்சியை எஞ்சினிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கத்தான் டிராக்டரின் பின்புறம் பல் வெட்டிய ஒரு குட்டைத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் பி.டி.ஓ., அதாவது பவர் டேக் ஆஃப். நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் அதற்கு ஆறு பல், 35 மில்லிமீட்டர் விட்டம், வேலை வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும்.

1000 சுற்றில் ஓடும் பி.டி.ஓ.வும் உண்டு. அதற்கு வழக்கமாக 21 பல் இருக்கும். ஆறு பல்லுக்குச் செய்த ஷாஃப்ட் அதில் ஏறாது. தவறுதலாக யாரும் மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே பல்லின் எண்ணிக்கையை மாற்றி வைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் போட ஒரு அடாப்டர் கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 540 சுற்றுக்குச் செய்த கருவி ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஓடும். அதன் கத்திகளும் பேரிங்குகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

டிராக்டரின் அந்தக் குட்டைத் தண்டிலிருந்து கருவியின் கியர் பாக்ஸ் தண்டு வரை சுழற்சியைக் கொண்டுபோவதுதான் நாம் பேசும் ஷாஃப்ட். நேரான ஒரு இரும்புக் கம்பி ஏன் போதாது என்று யோசித்தால் மற்ற எல்லாமே விளங்கிவிடும். வயலில் டிராக்டர் மேடு ஏறும்போது ரோட்டவேட்டர் பள்ளத்தில் இருக்கும். வரப்பு ஓரம் வந்ததும் லிவரை இழுத்து அதைத் தூக்குவோம். ஒவ்வொரு முறையும் இரண்டு தண்டுகளுக்கும் இடையே தூரமும் மாறுகிறது, கோணமும் மாறுகிறது. ஆகவே ஷாஃப்ட் சுழன்றுகொண்டே மடங்க வேண்டும், சுழன்றுகொண்டே நீளவும் குறுகவும் வேண்டும்.

மடங்குவதற்கு இரண்டு முனையிலும் ஜாயிண்ட் இருக்கிறது. கவை போன்ற இரண்டு பாகங்கள், அவற்றுக்கு நடுவே கூட்டல் குறி வடிவில் ஒரு துண்டு. மெக்கானிக்குகள் அதை ‘கிராஸ்’ என்பார்கள். இதே அமைப்பைப் பார்க்க வயலுக்குப் போக வேண்டியதில்லை. கலாசிப்பாளையத்தில் நிற்கும் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் குனிந்து பாருங்கள், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் முனைகளில் இதுதான் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் இதைக் கார்டன் ஜாயிண்ட் என்கிறார்கள். கடைகளில் ‘கார்டன் ஷாஃப்ட்’ என்று கேட்பது தோட்டத்தைக் குறித்து அல்ல, அவரைக் குறித்துத்தான்.

நீளவும் குறுகவும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்திருக்கும். உருண்டைக் குழாயாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் சுற்றிவிடும். அதனால் முக்கோணமாகவோ எலுமிச்சை வடிவிலோ சதுரமாகவோ செய்திருப்பார்கள். இந்த இரட்டைக் குழாய்தான் நான் அளக்கணும் என்று சொன்னதற்குக் காரணம்.

கடைக்காரர் கொடுக்கும் ஷாஃப்ட் உங்கள் டிராக்டரைப் பார்த்துச் செய்தது அல்ல. எந்த டிராக்டரில் மாட்டுவார்கள் என்று தெரியாததால் பெரும்பாலும் கொஞ்சம் நீளமாகவே கொடுப்பார்கள், வெட்டிக்கொள்ளலாம் என்று. வெட்ட வேண்டும் என்ற செய்தி மட்டும் வாங்குபவர் காதுக்கு வருவதே இல்லை. எங்கள் வீட்டில் முதல் வருடம் அப்படித்தான் நடந்தது. “மாட்டுங்க, தானா செட் ஆயிடும்” என்று விற்றவர் சொன்னார், நாங்களும் மாட்டினோம். முதல் சால் முடிந்து ரோட்டவேட்டரைத் தூக்கியபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். உள் குழாய் வெளிக் குழாயின் அடியில் போய் முட்டிவிட்டது. அதற்கு மேல் குறுக இடமில்லாத ஷாஃப்ட் இரண்டு பக்கமும் கடப்பாரை மாதிரி குத்தியிருக்கிறது. மதியத்துக்குள் கியர் பாக்ஸின் முன்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. பேரிங்கும் சீலும் போய்விட்டன. நல்லவேளை, டிராக்டர் பக்கம் பி.டி.ஓ. தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உடைந்திருந்தால் பின் ஹவுசிங்கையே பிரிக்க வேண்டி வந்திருக்கும்.

குட்டையாக இருந்தாலோ இன்னும் மோசம். பள்ளத்தில் கருவி இறங்கும்போது குழாய்கள் ஒன்றை விட்டு ஒன்று கழன்று, பாதி ஷாஃப்ட் டிராக்டரில் மாட்டியபடியே நொடிக்கு 9 சுற்று வேகத்தில் சாட்டை மாதிரி வீசும். அருகில் ஆள் இருந்தால் பேச்சே வேண்டாம்.

அளப்பது எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. ஷாஃப்ட் இல்லாமலே ரோட்டவேட்டரை லிங்கேஜில், அதாவது கருவியைத் தூக்கிப் பிடிக்கும் டிராக்டரின் பின்பக்கக் கைகளில், மாட்டுங்கள். மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டர் தண்டுக்கும் கியர் பாக்ஸ் தண்டுக்கும் இடையே தூரம் எந்த உயரத்தில் மிகக் குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் இரண்டு தண்டும் ஒரே மட்டத்தில் வரும் இடம்தான் அது, ஆனாலும் டேப் வைத்தே முடிவு செய்யுங்கள். லிங்கேஜில் தூக்காமல் பின்னால் இழுத்துப் போகும் கருவியாக இருந்தால், வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பாருங்கள். அந்த நிலையில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தூக்கிய கருவிக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கையையோ காலையோ நீட்டாதீர்கள், அது எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஷாஃப்ட்டை இரண்டாக உருவி, ஒரு பாதியை டிராக்டர் பக்கமும் மறு பாதியை கருவி பக்கமும் மாட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயின் முனையும் எதிர்ப் பாதியில் எதுவரை போகிறது என்று தெரியும். முட்டும் இடத்துக்குக் குறைந்தது 4 சென்டிமீட்டர் முன்பாகவே முனை நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் எவ்வளவு அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் வெட்ட வேண்டிய அளவு. உள் குழாய், வெளிக் குழாய், இவற்றின் மேலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், ஆக நான்கிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். இரும்பை மட்டும் வெட்டிவிட்டு பிளாஸ்டிக்கை விட்டால் அது முட்டி உடைந்து, அடுத்த வாரம் யாராவது அதைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

வெட்டிய வாயில் பிசிறு இருக்கும். உள்ளேயும் வெளியேயும் அரத்தால் நன்றாகத் தேயுங்கள். இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் தடவி நுழைத்துப் பாருங்கள், கையாலேயே சிரமமில்லாமல் ஓட வேண்டும். பிறகு எதிர்த் திசையிலும் சோதிக்க வேண்டும். தூரம் மிக அதிகமாக இருக்கும் நிலையிலும் குழாய்கள் தங்கள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வழக்கமாக உழும் நிலையில் பாதியாவது இருப்பது நல்லது. அது அமையவில்லை என்றால் அந்த ஷாஃப்ட் உங்கள் டிராக்டருக்கு ஆகாது, வேறு நீளத்தில் வாங்குங்கள். டிராக்டரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். வாடகை டிராக்டர் வைத்து ஓட்டுபவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். போன தடவை வந்த வண்டிக்குச் சரியாக இருந்தது, இந்தத் தடவை வரும் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும், பட்டறை வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கார்டன் ஜாயிண்ட் மடங்கிய நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. 30 பாகை மடங்கியிருந்தால், 540 சுற்றில் வரும் சுழற்சி மறுபக்கம் 468-க்கும் 624-க்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. நொடிக்கு 18 தடவை வேகம் ஏறி இறங்கினால் கிராஸும் கியர் பல்லும் என்ன பாடுபடும்! இதைச் சமாளிக்கத்தான் இரண்டு ஜாயிண்ட். முதலாவது செய்யும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது அப்படியே திருப்பிச் சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் நடுக்குழாயில் இருக்கும் இரண்டு கவைகளின் காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் பார்த்தபடி இருக்க வேண்டும்.

இரண்டையும் கண்ணாலேயே சரிபார்க்கலாம். குழாயை உருவி மீண்டும் நுழைக்கும்போது கவைகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். சதுரக் குழாயில் கால் சுற்றும் முக்கோணக் குழாயில் மூன்றில் ஒரு சுற்றும் தப்பி நுழைந்துவிட வாய்ப்பு உண்டு. கோணம் சமமாக இருக்க, ரோட்டவேட்டரை வேலை ஆழத்தில் இறக்கி வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். டிராக்டர் தண்டும் கியர் பாக்ஸ் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லிங்கேஜின் மேல் கையான டாப் லிங்க்கைத் திருகி நீட்டியோ குறைத்தோ சரி செய்யுங்கள். டாப் லிங்க் ஆழத்துக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். ஷாஃப்ட்டின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

வேலை செய்யும்போது ஜாயிண்ட் 15 பாகைக்குள் இருந்தால் நிம்மதி. வரப்பு ஓரம் திரும்பக் கருவியை உயரத் தூக்கும்போது கோணம் சட்டென்று கூடும், அப்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும். ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கம் வயல்கள் சின்னவை, ஐம்பது அடிக்கு ஒரு திருப்பம் வரும். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுபவருக்கு ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் போடப் பொறுமை இருக்காது. ‘தடதட’ என்று ஒரு அதிர்வு கேட்டால் அது ஜாயிண்ட்டின் அழுகைதான். ஓட்டுநரிடம் சொல்லித் தூக்கும் உயரத்தையாவது குறைக்கச் சொல்லுங்கள். அந்த லிவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டிராக்டரில் ஒரு தடுப்பு இருக்கும், அதைச் சரியான இடத்தில் இறுக்கி வைத்தால் வாய்ச் சொல்லே தேவைப்படாது.

மாட்டும் முறை சுலபம். எந்த முனை டிராக்டர் பக்கம் என்று பிளாஸ்டிக் உறையின் மேல் டிராக்டர் படம் போட்டிருக்கும். பாரம் மீறினால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச்சோ அறுந்துகொடுக்கும் ஷியர் போல்ட்டோ உள்ள முனை எப்போதும் கருவி பக்கம். பல்லைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி, முனையிலுள்ள பூட்டுப் பின்னை அழுத்திக்கொண்டு தள்ளினால் ‘க்ளிக்’ என்று காடியில் உட்காரும். உட்கார்ந்தது போலத் தெரிந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தப் பின் தொலைந்துபோனால் அதே பின்னை வாங்கிப் போடுங்கள். நீளமான ஒரு போல்ட்டைச் சொருகி வைக்கும் பழக்கத்தை ஆனேக்கலிலும் பார்த்திருக்கிறேன், தருமபுரியிலும் பார்த்திருக்கிறேன். சுற்றும் தண்டிலிருந்து ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த போல்ட் துணியைப் பிடித்து இழுக்கும் கொக்கியாக மாறிவிடுகிறது.

ஷியர் போல்ட்டும் அப்படித்தான். கல்லில் கத்தி மாட்டும்போது மற்றதைக் காப்பாற்றி தான் அறுந்துபோவதற்கென்றே வைத்தது அது. அடிக்கடி அறுகிறதே என்று உறுதியான போல்ட்டைப் போட்டால், அடுத்த கல்லில் கியர் பாக்ஸ் உடையும்.

இனி பிளாஸ்டிக் உறை. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கழற்றாதீர்கள். உடைந்தால் உறை மட்டும் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். உள்ளே தண்டு சுழலும்போது உறை சுழலாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு முனையிலும் சின்னச் சங்கிலி இருக்கிறது. அதை டிராக்டரிலும் கருவியிலும் அசையாத இடத்தில் கொக்கியிட வேண்டும், தூக்கும்போது இறுகாத அளவு தளர்வோடு. ஷாஃப்ட்டைத் தொங்கவிட அந்தச் சங்கிலியைப் பயன்படுத்தக்கூடாது. எஞ்சின் அணைந்திருக்கும்போது உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். அப்போதுதான் உங்கள் துணி அதன்மேல் பட்டால் உறை நின்றுவிடும், உள்ளே தண்டு மட்டும் ஓடும்.

உறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு போதும். கவைப் பகுதி சுமார் 8 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும், ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். நொடிக்கு 9 சுற்று என்றால் இரண்டேகால் மீட்டர். நாலு முழ வேட்டி ஒரு நொடிக்குள் காலி. ஐந்தரை மீட்டர் சேலை இரண்டரை நொடி. டிராக்டரின் பி.டி.ஓ. 35 குதிரைத்திறன் கொடுத்தால், அந்த விட்டத்தில் துணியை இழுக்கும் விசை ஒரு டன்னுக்கு மேல் வரும். உதறிக்கொண்டு வந்துவிடலாம், பக்கத்தில் ஆள் இருக்கிறார் பிடித்து இழுப்பார் என்று நம்புவதற்கு இதில் இடமே இல்லை. ‘ஐயோ’ என்று வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

நான் நேரில் பார்த்தது ஒரு சாக்குப் பைதான், மனிதர் இல்லை. அதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தார்கள், வாடகை மெஷின், ஷாஃப்ட்டில் உறை இல்லை. ஒரு அம்மா காலிச் சாக்கை உதறினார். அதன் ஓரம் கிராஸ் மேல் பட்டது. சாக்கு அவர் கையில் இருந்தது, அடுத்த கணம் கையில் இல்லை. தண்டில் கயிறு போல இறுகிச் சுற்றியிருந்தது. அவர் சாக்கைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கவில்லை, விரல் நுனியில்தான் பிடித்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உழவை விடக் களத்து வேலையில்தான் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. உழும்போது ஓட்டுநர் இருக்கையில் இருப்பார், ஷாஃப்ட் பக்கத்தில் ஆள் நிற்பதில்லை. களத்திலோ டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கும், சுற்றிலும் பத்துப் பேர் இருப்பார்கள், கட்டு எடுத்துக் கொடுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார்கள். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஷாஃப்ட்டைத் தாண்டிக் கால் வைப்பார்கள். ராகி அறுப்பு வருவதும் பெங்களூர்க் குளிர் ஆரம்பிக்கும் நேரத்தில்தான், காலையில் மஃப்ளரும் நாடா தொங்கும் ஜெர்க்கினுமாக வருவார்கள். மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பே அவற்றைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். முந்தானையை இழுத்துச் செருகவும், பின்னலை முடிந்துகொள்ளவும், தோளில் துண்டு போடாமல் இருக்கவும் சொல்ல வேண்டியது நிலத்துக்காரரின் பொறுப்பு. குழந்தைகளைக் களத்து ஓரத்தில்கூட உட்கார வைக்காதீர்கள். டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவே யாரும் போகாதபடி இரண்டு பக்கமும் ஒரு கயிறு கட்டிவிடுவது ஐந்து நிமிட வேலை.

அடைப்பு எடுக்கவோ கிரீஸ் அடிக்கவோ இறங்கும்போது மூன்று காரியம்: பி.டி.ஓ. லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, எஞ்சினை அணைப்பது, சாவியை எடுப்பது. பிறகு தண்டு முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பின்புதான் கிட்டப் போக வேண்டும். ஸ்லாஷர் போன்ற கனத்த சுழல் கருவிகள் அணைத்த பிறகும் சிறிது நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். டூயல் கிளட்ச் டிராக்டரில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும்தான் நிற்கும், பி.டி.ஓ. ஓடிக்கொண்டேதான் இருக்கும். கிளட்ச் மிதித்திருக்கிறோமே என்று யாரையும் ஷாஃப்ட் கிட்டே போகச் சொல்லிவிடாதீர்கள்.

கிரீஸ் ஒரு நாள் வேலைக்கு ஒரு முறை, கிராஸ் இரண்டிலும், நழுவும் குழாயிலும், உறையின் பேரிங்கிலும். ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்ட் மாதக்கணக்கில் சும்மா கிடந்திருந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், கல் மாட்டும்போது நழுவாது. சீசன் தொடக்கத்தில் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி ஒரு முறை நழுவவிட்டு, பழைய அளவுக்கே திரும்ப இறுக்க வேண்டும். தளர்த்தும் முன் ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு அண்ணன், “நீயும் வந்துரு தம்பி” என்றார். அடுத்த சனிக்கிழமை டேப்பும் ஹாக்சாவும் அரமும் எடுத்துக்கொண்டு போனோம். அளந்து பார்த்ததில் அவர் ஷாஃப்ட் 6 சென்டிமீட்டர் அதிகம். வெட்டி, தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினோம். எஞ்சினை அணைத்தபடியே உறையைச் சுற்றிப் பார்த்து, சங்கிலி இரண்டையும் கொக்கியிட்டோம். முதல் தடவை தூக்கியபோது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம், ஒரு சத்தமும் இல்லை. வெட்டிய துண்டுகளை, இரும்பு இரண்டு, பிளாஸ்டிக் இரண்டு, மட்கார்டின் மேல் வரிசையாக நிறுத்தி உயரம் சரியாக இருக்கிறதா என்று அண்ணன் இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவற்றை டூல் பாக்ஸில் போட்டு வைத்தார், அடுத்து ஓட்ட வரும் பையனுக்குக் காட்டுவதற்கு.